பதினான்காம் படுக்கையின் எழுபத்திரண்டு

பதினான்காம் படுக்கையில் இருந்த குதிரை வண்டிக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை இறந்துபோனார். ஆனால் அவருடைய நாடி வியாழக்கிழமை பகல் வரை நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை துடித்துக்கொண்டிருந்தது. மூச்சு இல்லை, உடம்பு சில்லிட்டிருந்தது, விளக்கடித்துப் பார்த்தும் கண்மணி சுருங்கவில்லை. தலைமை மருத்துவர் கைக்கடிகாரத்தை வைத்து இரண்டு முறை எண்ணினார். நர்சுகள் முறைபோட்டு எண்ணினார்கள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறப்புச் சான்று எழுதும் குமாஸ்தாதான் சங்கடப்பட்டார். நாடி ஓடுகிறவருக்குச் சான்று தர விதியில் இடமில்லை. சான்று இல்லாமல் உடலை வெளியே அனுப்பவும் இடமில்லை. ஆகவே வண்டிக்காரரின் மனைவி கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தே இருந்தார். "உயிரோட இருந்தப்பவே இவருக்கு இவ்வளவு ஒழுங்கா துடிச்சதில்லைங்க ஐயா. நாலு அடி ஓடும், ஒரு அடி நிக்கும், இவர் குதிரை மாதிரியே" என்று தலைமை மருத்துவரிடம் சொன்னார்.

காரணம் தெரிந்தவள் ஒருத்திதான். மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற அம்மாவின் ஒரே மகள். காலையில் அரைமணி நேரத்துக்குள் இருபது படுக்கைகளின் நாடியையும் அவள் குறித்து முடிக்க வேண்டும். தூங்குகிறவர்களை எழுப்பாமல் எழுபத்திரண்டு என்று எழுதிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று மேல்வகுப்பு மாணவர்கள் கீழ்வகுப்புக்கு ரகசியமாகச் சொல்லித் தருவது அந்த ஆஸ்பத்திரியில் நெடுநாள் வழக்கம். முதலில் ஒரு படுக்கைக்கு எழுதினாள், பிறகு ஐந்துக்கு எழுதினாள். அந்தத் திங்கட்கிழமை வாசற்படியில் நின்றபடியே வண்டிக்காரருக்கும் எழுதினாள். அவர் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. படித்தவர்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வாழ்ந்த மனிதர் அவர். செத்த பிறகும் அந்த மரியாதையை விடவில்லை.

மூன்று நாளும் அவள் அந்த வார்டில் தலை குனிந்தே நடந்தாள். சொன்னால் படிப்புப் போகும், சொல்லாவிட்டால் அந்த மனிதர் போக முடியாது. வீட்டில் அம்மா வெள்ளைக் கோட்டின் காலரை இரண்டு தரம் தேய்த்து, டாக்டரம்மா கோட்டில் மடிப்பு விழக்கூடாது என்றார். அவள் சாப்பிடாமலே கிளம்பினாள். வியாழக்கிழமை பகலில் வண்டிக்காரரின் மனைவி தன்னிடமிருந்த ரொட்டியைப் பிட்டுப் பெரிய பாதியை அவளிடம் நீட்டி, முகம் வாடியிருக்கே, சாப்பிடலையா என்று கேட்டார். கடவுள் சிலரைத் தண்டனையால் திருத்துகிறார். அவளுக்கு அரை ரொட்டி போதுமாயிருந்தது.

"நான் அவர் கையைத் தொடவே இல்லம்மா. தொட்ட மாதிரி எழுதிட்டேன்."

அந்த அம்மாள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"அடிச்சிடு கண்ணு. பாவம், களைச்சுப் போயிருப்பாரு."

அவள் அந்த எண்ணின் மேல் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டாள். நாடி நின்றது. குமாஸ்தா பெருமூச்சு விட்டுச் சான்றை எழுதினார்.

வண்டிக்காரரின் குதிரை மூன்று நாளாகத் தீனி தொடாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அதையும் கொஞ்சம் பார்த்துவிடு என்றார் அந்த அம்மாள். அவள் அதன் தாடைக்கு அடியில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். ஐம்பத்திரண்டு. அது அதிகமா குறைவா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். அப்படிச் சொல்வது அவளுக்கு அந்த வருஷத்தில் முதல் தடவை. இருவரும் குதிரையை நடத்திக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த கால்நடை மருத்துவரிடம் போனார்கள். அதிகம்தான், நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள் என்றார் அவர். குதிரை பிழைத்தது.

நடந்ததைக் கல்லூரியில் அவளே போய்ச் சொன்னாள்; எச்சரித்து மன்னித்துவிட்டார்கள். இருந்தும் அவள் மனித மருத்துவத்தை விட்டுக் கால்நடை மருத்துவத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மூணு வருஷம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"மனுஷங்க நான் எழுதினதை நம்பிடறாங்கம்மா. பயமா இருக்கு. குதிரை காகிதத்தை நம்பாது."

தெரு சிரித்தது. இனி இந்த வீட்டில் ஊசி போட்டுக்கொள்ள வால் இருந்தால்தான் முடியுமா என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார். சாணி வாடை அடிக்கும் மகளின் உடுப்புகளை அம்மா நாலு வருஷம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினார். யாராவது கேட்டால் டாக்டர் என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றினார். மகளுக்கு அம்மாவின் வெட்கம் புரிந்தது. தன்னுடைய வெட்கம் அதைவிடப் பழையது.

படிப்பை முடித்து அவள் சொந்தமாக வைத்தியசாலை திறந்த முதல் நாளிலேயே ஒரு விஷயம் தெரியவந்தது. விலங்கின் மேல் ஒரு நிமிடம் முழுதாகக் கைவைக்காமல் அவள் எழுதினால் எந்தப் பேனாவிலும் மை இறங்குவதில்லை. ஐம்பத்தொன்பது நொடியில் கையை எடுத்தாலும் தாள் வெள்ளையாகவே இருக்கும். அதனால் வரிசை நகராது, பெஞ்சு நிரம்பி வழியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா, சும்மா இருப்பதற்கு இங்கே உட்காரலாம் என்று ஒருநாள் வந்து, பிறகு தினமும் வர ஆரம்பித்தார். ஒரு மழைக்காலத்தில் தையல்காரர் தன் பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். இவ்வளவு நேரமா, மருந்தை எழுதிக் கொடுத்தால் போகிறேன், கடையில் ஆள் இல்லை என்று முணுமுணுத்தார்.

"சும்மா உக்காருங்க அண்ணே" என்றார் அம்மா. "முன்னாடி இருக்கற ஆட்டுக்கே இன்னும் நிமிஷம் ஆகலை. எம் பொண்ணு தொட்டுப் பாக்காம எழுத மாட்டா."

தையல்காரர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், கூடையை மடியில் வைத்துக்கொண்டார், காத்திருந்தார்.