வேகாத பிடரிப் பட்டை

மாட்டின் பிடரியில் மஞ்சளாக ஒரு பட்டை ஓடும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பிஷ்கெக்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், அதிலுள்ள எலாஸ்டின் என்ற புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தீக்காயத்துக்குத் தோல் செய்யப் பார்த்தோம். சோடாக் காரக் கரைசலில் ஊறப்போட்டு மற்றதையெல்லாம் போக்குவது என் வேலை. ஐந்து மாதமாக என் பட்டைகள் இழுப்புச் சோதனையில் பிய்ந்துகொண்டே இருந்தன. யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தேன்.

ரொட்டி சுடும் என் தங்கை அசில்கான் தந்தூர் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டவள். ஆறிய தோல் இறுகி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இந்தத் தோலைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர்களில் முதல் பெயர் அவளுடையது. எங்கள் வேலையைச் சோதிக்க வல்லுநர் குழு வரும் நாளும் வந்தது. நூறு இழுப்பு தாங்காவிட்டால் வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

அன்று காலையில் குளிர்பெட்டியில், இன்னும் காரத்தில் போடாத பட்டைகளைக் காணோம். ஆய்வுக்கூடத்தின் சமையல்கட்டுக்கு ஓடினேன். அங்கே சமைக்கும் ஜூரா அக்கா கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். விருந்தாளி வரும்போது இறைச்சியைக் குளிரில் போட்டு வைப்பார்களா என்று நேற்று மதியமே அடுப்பில் ஏற்றிவிட்டாளாம்.

"நேத்திலேர்ந்து வேகுது. கல்லா இருந்தாக்கூட கரைஞ்சிருக்கும். எந்தக் கிழட்டு மாட்டோட கழுத்தும்மா இது?"

வாயில் வந்தபடி திட்டினேன். அவள் அசரவில்லை. கரண்டியில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"நீயே கடிச்சுப் பாரு."

இழுத்துப் பார்த்தேன். நீண்டது. விட்டேன், பழையபடி சுருங்கியது. என் காரம் பட்டையையும் சேர்த்துத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வெறும் கொதிநீர் மற்றதைக் கரைத்துவிட்டு இதை மட்டும் விட்டுவைத்திருந்தது. அடி பாவி என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

குழுவின் முன்னால் இயந்திரம் நூறு முறை இழுத்தது. பிய்யவில்லை. எத்தனை மணி நேரம் வேகவைத்தீர்கள் என்று தலைவர் கேட்டார். தேநீர் கொண்டுவந்த ஜூரா அக்கா பதில் சொன்னாள்.

"பல்லு தோத்துப் போற வரைக்கும்னு எழுதிக்கங்க."

சுத்தமான நீரில், மூடிய கலனில், மணி பார்த்து அதையே மறுபடி செய்தோம். எல்லாச் சோதனையும் முடிந்து அசில்கானுக்குத் தோல் வைக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

கை தேறியதும் அவள் நேரே எங்கள் சமையல்கட்டுக்குத்தான் வந்தாள். விரித்த உள்ளங்கையில், தானே சுட்ட ரொட்டி. ஜூரா அக்கா ரொட்டியைப் பார்க்கவே இல்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்தாள்.

அன்று திட்டியதற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன்.