எதிராளி போட்ட ஜாமீன்

செங்கல் சுமப்பதில் தொடங்கி, பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் அளவுக்கு வளர்ந்தவள் மேஸ்திரி அக்கா. பள்ளிக்கூடக் கட்டட வேலை இப்போது அவளுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் கம்பியும் சிமெண்டும் வாங்கக் கையில் பணமில்லை.

வங்கி மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பேர்ல சொத்து எதுவும் இல்லையேம்மா. ஜாமீன் போட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

சொந்தத் தம்பியே நழுவிவிட்டான். "என்னை இதுல இழுக்காதக்கா."

கடன் வேண்டாம் என்று சொல்லிவிட வங்கிக்குப் போனவள், மேலாளர் எதிரே மீசைக்காரர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு திகைத்தாள். அதே வேலைக்கு டெண்டர் போட்டுத் தோற்ற ஒப்பந்தக்காரர் அவர். தொழிலில் இருவரும் எலியும் பூனையும்தான்.

"சிமெண்ட் கடையில விஷயம் கேள்விப்பட்டேன். இவங்களுக்கு நான் ஜாமீன் போடறேன் சார்," என்றார்.

"இவங்க விட்டா வேலை உங்களுக்குத்தானே வரும்?" என்றார் மேலாளர்.

"வரும். ஆனா இவங்க போட்ட தளம் ஒழுகி நான் பார்த்ததில்ல. மோதித் தோத்ததுல எனக்கு வெக்கமில்ல சார். பணமில்லாம இவங்க விலகி, வேலை என் கைக்கு வந்தா அதுதான் வெக்கம்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களைத் தலைகுனிய வைக்க மாட்டேண்ணே," என்றாள்.

வைக்கவும் இல்லை. மழைக்கு முன்பே மேல்தளம் எழும்பியது, கடனும் அடைந்தது. திறப்பு விழாவன்று கல்வெட்டில் அக்காவின் பெயரைத் தடவிப் பார்த்த சித்தாள் ஒருத்தி கூவினாள்:

"அக்கா, நம்ம பேரு!"