மூன்று கவளம்

தட்டு ஒன்றுதான் இருந்தது. கூடை போலப் பின்னிய மேசையின் மேல் இன்ஜெரா என்ற அகலமான அப்பத்தை விரித்து, அதன்மீது பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், சிவந்த காரக்குழம்பு என்று குவியல் குவியலாக வைத்திருந்தார்கள். நான்கு பேரும் அதிலேயே பிய்த்துச் சாப்பிட வேண்டும்.

"ஏனுங்க, நம்ம ஆப்பத்தயே பெருசா ஊத்துனாப்பல இருக்குது. புளிச்ச வாசங்கூட அதேதான்," என்றாள் கண்மணி. பிறகு குரலைத் தாழ்த்தி, "எச்சில்னு பாக்காம திங்கோணுமாக்கு?" என்றாள்.

கிட்டுசாமி சிரிக்க முயன்றான். அவன் குழுவில் வேலை பார்க்கும் தெஸ்ஃபயே இரண்டு வருடமாகத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை என்று இந்த முறையும் நழுவப் பார்த்தபோது, எத்தியோப்பியர்களுக்கும் இது நோன்புக் காலம்தான், பருப்பும் காய்கறியும் மட்டுமே என்று அந்த வழியையும் அடைத்துவிட்டான்.

வியாழக்கிழமை மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, குழுவில் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும், தெஸ்ஃபயேயா வாஞ்சிநாதனா, டீம் லீடர் நீயே சொல் என்றிருந்தார். திங்கட்கிழமை வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. வாஞ்சிநாதன் விசாவில் இருப்பவன்; வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தெஸ்ஃபயேயிடம் கிரீன் கார்டு இருந்தது, வேறு வேலை தேடிக்கொள்வான். அப்படித்தான் கணக்குப் போட்டான் கிட்டுசாமி. வெள்ளிக்கிழமை காலை மின்னஞ்சலில் தெஸ்ஃபயேயின் பெயரை அனுப்பினான். மதியம் நன்றி என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

சமையலறையிலிருந்து தெஸ்ஃபயேயின் மனைவி அல்மாஸ் வந்தாள். ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி மெதுவாக நடந்தாள். ஏழு மாதம்.

"ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. முன்பு இரண்டு முறை கலைந்துவிட்டது," என்றான் தெஸ்ஃபயே. "முதலில் உனக்குத்தான் சொல்ல நினைத்தேன்."

கண்மணி எழுந்து அல்மாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் அடுக்கினாள். ஆபத்தான பிரசவமாம், வாராவாரம் ஸ்கேனாம். "நல்லவேளை, இவருடைய கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது," என்றாள் அல்மாஸ்.

கிட்டுசாமி இன்ஜெராவின் ஓரத்தைக் கிள்ளினான். அதன் சிறு துளைகளுக்குள் குழம்பு ஊறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அந்த முடிவு மாறப்போவதில்லை. சொன்னது மேனேஜருக்குத் தெரிந்தால் தன் கிரீன் கார்டு விண்ணப்பமும் சேர்ந்து போகும்.

தெஸ்ஃபயே ஒரு துண்டு பிய்த்து, பருப்பையும் காரக்குழம்பையும் வாரிச் சுருட்டி, கிட்டுசாமியின் வாயருகே நீட்டினான். "விருந்தாளிக்கு ஊட்டுவது எங்கள் வழக்கம். மறுக்கக் கூடாது. அதுவும் ஒன்றோடு நிற்காது, மூன்று."

"தெஸ்ஃபயே..." என்று தொடங்கினான் கிட்டுசாமி.

"முதலில் சாப்பிடு."

காரக்குழம்பின் எண்ணெய் தெஸ்ஃபயேயின் விரலிலிருந்து வழிந்து மணிக்கட்டு வரை சிவப்பாக ஓடியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. கை அப்படியே நின்றது.

"வாயத் தொறங்க, பாவம், அவரு கை எத்தன நேரந்தான் தாங்கும்?" என்று சிரித்தாள் கண்மணி.

கிட்டுசாமி வாயைத் திறந்தான். கவளம் பெரிதாக இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. காரம் என்று நினைத்து அல்மாஸ் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள். தெஸ்ஃபயே அதற்குள் இரண்டாவதைச் சுருட்டத் தொடங்கியிருந்தான்.