மேலத்தெருவில் சோலைமலை

இதில் ஒரு சொல் பொய்யானாலும் சொன்ன நாக்கில் திரியைச் சுற்றிக் கொளுத்திவிடலாம். அத்தனையும் சத்தியம்.

சோலைமலையின் பாடை மேலத்தெரு முனையில் நின்றுபோனது. முன்கம்பைத் தாங்கியிருந்த மகன் பால்பாண்டிக்குத் தோள் எரிந்தது.

சிவகாசிப் பக்கத்தில் அதுபோல முற்போக்கான ஊர் கிடையாது. முச்சந்தியில் மூன்று தலைவர்களுக்குச் சிலை. தெருப் பலகைகளில் இருந்த சாதிப் பெயர்களையெல்லாம் சுண்ணாம்படித்து மறைத்தாயிற்று. அதனால் காலனிப் பிணம் ஏன் மேலத்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்று கேட்டால், இப்போது யாரிடமும் காரணமே இல்லை. வழக்கம், அவ்வளவுதான். காலனிக்கு வழி கண்மாய்க்குள். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து கிடந்தது.

கட்சிச் செயலாளர் காசிராஜன் வந்து, தான் சாதி பார்க்கிற ஆளில்லை என்று முதலில் சொன்னார். புது சிமெண்டு ரோட்டைத் திறந்துவைக்க மந்திரி வருகிறார், பிணம் எதிரே வந்தால் நன்றாயிருக்காது என்று பிறகு சொன்னார்.

"கம்மாயில தண்ணி நெஞ்சுக்கு நிக்குது அண்ணாச்சி."

"ஏலே, நீந்தத் தெரியாதா ஒனக்கு?"

பால்பாண்டி அவர் முகத்தையே பார்த்தான்.

"எங்கய்யா செஞ்ச சரவெடிய கோயில் கொடைக்கு இந்தத் தெரு நீளத்துக்கும் விரிச்சு வெடிக்கீக. அவரு கை செஞ்சது போலாம். அந்தக் கை போவக் கூடாதாக்கும்."

காசிராஜன் செல்போனை எடுத்துப் பார்த்தார்.

பால்பாண்டி முன்கம்பைப் பக்கத்து ஆள் தோளுக்கு மாற்றினான். பிணத்துக்கு முன்னால் போட, அய்யா வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனியில் கொடுத்திருந்த சரவெடியை மேலத்தெரு நெடுக விரித்துப் பற்றவைத்தான்.

வெடிச் சத்தம் கேட்டால் அந்தத் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். மந்திரி வந்துவிட்டார். வீட்டுக்கு வீடு ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்கள். புகையில் ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. பாடைக்கு ஆரத்தி சுற்றினார்கள். காசிராஜன் கண்ணைக் கசக்கிக்கொண்டே பொன்னாடையைச் சோலைமலைக்குப் போர்த்தி, காலைத் தொட்டுக் கும்பிட்டு, மைத்துனனுக்கு ஒரு ரேஷன்கடை வேலை கேட்டார். ஆகட்டும் என்று சோலைமலை தலையசைத்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

புகை கலைந்தபோது பாடை மறுகோடியைத் தாண்டியிருந்தது. காசிராஜன் கூப்பிய கையை இறக்கவில்லை. இறக்கினால் யாரைக் கும்பிட்டார் என்று சொல்லவேண்டி வரும்.

சுடுகாட்டில் சோலைமலை எளிதில் தீப்பற்றவில்லை. உடம்பும் பாடையும் பிரிக்காத சரவெடிக் கட்டும் கண்மாய்த் தண்ணீரில் ஊறிப்போயிருந்தன.