மருந்து வைத்த மரம்

பலாமரத்தின் அடியில் மரத்தூள் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் டிரைவருக்குப் பகீரென்றது. வீட்டில் யாரும் மரம் அறுக்கவில்லை. பட்டையில் காதை வைத்தார். உள்ளே கரகரவென்று ஏதோ மென்றுகொண்டிருந்தது. அடப்பாவி, குடித்தனமே நடத்துகிறான் போலிருக்கிறதே!

சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வாயில் பழுப்பாகப் பிசின். தண்டு துளைக்கும் புழு வெளியே தலை காட்டாது. உள்ளேயே குடைந்துகொண்டு மேலே ஏறும். இலை வாடி நமக்குத் தெரியவரும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். மரத்துக்குச் சீக்கு, பழத்தில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்தார். ஓட்டைக்குச் சற்று மேலே, அடிமரத்திலேயே, இந்த வருஷத்தின் ஒரே பழம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தட்டிப் பார்ப்பதுதான் அவருடைய மகளுக்கு முதல் வேலை. சொன்ன பேச்சைக் கேட்டு, அதன்பின் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உரக்கடைக்காரர் கொடுத்த புட்டியில் மண்டையோட்டுப் படம். வீட்டில் விஷம் என்ற சொல்லை எடுத்தாலே மனைவிக்கு ஆகாது. நல்ல வார்த்தை பேசக் கூடாதா என்று பிடித்துக்கொள்வாள். அதற்கென்ன, கடைக்காரரும் மருந்து என்றுதான் சொன்னார், உலகமே அப்படித்தான் சொல்கிறது. வளைந்த கம்பியை விட்டு இழுத்ததில் ஒரு புழு வந்தது, வெள்ளையாக, கொழுகொழுவென்று. பஞ்சை அந்த மருந்தில் நனைத்து ஓட்டைக்குள் திணித்துக் களிமண்ணால் அடைத்தார். பழத்தின் காம்பிலும் தோலிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. அவற்றிலும் ஊசியால் ஏற்றினார். இந்தப் பழம் போனால் போகிறது, மரம் பிழைத்தால் போதும்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: “மருந்து வச்சாச்சு. இனிமே கவலை இல்ல.”

சாயங்காலம் திரும்பியபோது வாசலிலேயே பலாப்பழ வாசனை. ஒரு கணம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். அடுக்களையில் மனைவி கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பிசினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சக்கை, சடை, கொட்டை.

“பழத்த வெட்டுனியா?”

“நீங்கதானே மருந்து வச்சாச்சுன்னு சொன்னீங்க? குணமாயிடுச்சுன்னுதான் வெட்டினேன்.”

அவள் மேல் என்ன தப்பு? அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். மருந்து என்றால் அவளுக்குக் காய்ச்சலுக்குக் கொடுப்பது.

“நீ சாப்பிட்டியா?”

“உங்க பொண்ணு எனக்கெங்க மிச்சம் வச்சா? முதல் சுளை கசக்குதுன்னா. ஆனாலும் விடல.” அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. “என்னங்க?”

அவர் உள் அறைக்கு ஓடினார். மகள் சீருடையோடு பாயில் சுருண்டு கிடந்தாள். இந்த நேரத்தில் தூங்குகிற பிள்ளை இல்லை. நெற்றியில் கை வைத்தார், வேர்த்து, சில்லென்றிருந்தது. கூப்பிட்டார். தோளைப் பிடித்து உலுக்கினார். பின்னாலேயே வந்த மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“இன்னும் ஒரு சுளைப்பா.”

அவளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பிசின் காயாத சின்ன விரல்கள் அவருடைய காக்கிச் சட்டையில் ஒட்டின. தெருமுனையை எட்டுவதற்குள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின.