மஞ்சள் பூசிய கோழி

நாய் கடித்த என் வெள்ளைக் கோழியைப் பத்து நாள் அடுப்படியில் கூடைக்குள் வைத்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூசித் தேற்றினேன். இன்று காலை தோட்டத்தில் விட்டதும் மற்ற ஐந்து கோழிகளும் அதை விரட்டி விரட்டிக் கொத்தின. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலை வைப்பேன், குச்சியோடு ஓடுவேன், திரும்பி வருவேன், மறுபடி ஓடுவேன்.

கல்பாக்கம் பஸ்ஸுக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னா கன்னிம்மா, வெள்ளையா உள்ள போனது மஞ்சாவா வெளிய வந்துகீது. அதுங்களுக்கு எப்டி அடையாளம் தெரியும்?"

சிரிக்க மட்டும் தெரியும் இந்த மனுஷனுக்கு. மீதி மஞ்சளைக் கரைத்து, அந்த ஐந்தையும் பிடித்துப் பூசிவிட்டேன்.

இப்போது ஐந்தும் ஒன்றையொன்று கொத்திக்கொள்கின்றன. என் கோழி ஓரமாக நின்று நொய் பொறுக்குகிறது. குச்சியோடு நான் யாரைத்தான் விரட்டுவது?