உண்டியலுக்குள் போன கால்

விபத்துக்குப் பிறகு மூக்காண்டிக்கு ஒரே கனவுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவனுடைய இடது கால் மட்டும் தனியாக ஆடு மேய்க்கப் போகும். முழங்காலுக்கு மேலே ஒன்றும் இருக்காது. ஆனாலும் செம்மறிகள் அதைப் பார்த்து மிரளுவதில்லை. பருத்திச் செடி பிடுங்கிப் போட்ட கரிசல் காட்டில் கால் முன்னே நடக்கும், ஆடுகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்னே போகும். கட்டிலில் கிடக்கும் அவன், அங்கன கிணறு இருக்கு என்று கத்த நினைப்பான். குரல் வராது. கால் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதற்குத் தெரிந்திருந்தது.

கிடையை வேறு புஞ்சைக்கு மாற்றுவதற்காக இளையரசனேந்தல் சாலையில் ஆடுகளை ஓட்டிப் போன ஒரு ஐப்பசிக் காலையில் அது நடந்தது. கடைசி ஆடும் சாலையைக் கடந்துவிட்டது. மூக்காண்டி தாரின் மேல்கூட நிற்கவில்லை, ஓரத்து மண்ணில் நின்றிருந்தான். வளைவில் திரும்ப வேண்டிய வெள்ளைக் கார் திரும்பாமல் நேரே வந்தது. ஓட்டியவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் வந்த பால்காரர் போலீசில் சொன்னார். தவறு யார் மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கார்க்காரரே திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்து மூக்காண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போதைக்கு நீங்க கட்டிருங்க அண்ணாச்சி. நான் மொத்தமாத் தந்திடுதேன்."

இரண்டு தடவை வந்தார். பிறகு அவருடைய போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கட்டியது மூக்காண்டியின் மச்சான் பாண்டிராஜ். திருவேங்கடத்தில் அவரும் ஆடு வைத்திருக்கிறார். வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்து, தன் தங்கை, மூக்காண்டியின் பெண்டாட்டி இசக்கித்தாய் கையில் கொடுத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்:

"ஆடு என்கிட்ட நிக்கட்டும் மாப்ளே. ரெண்டு மழை பொறுப்பேன். ரெண்டாவது ஐப்பசி மழை விழுததுக்குள்ள காசு வந்தா குட்டியோட ஓட்டிட்டுப் போங்க. வரலன்னா எனக்கும் வேற வழி இல்ல. நானும் கடன்காரன்தான்."

அது நியாயமான பேச்சு. மூக்காண்டி தலையை ஆட்டினான். ஆடு இல்லாமல் வேறு என்ன வேலை தெரியும் என்று அவனும் கேட்கவில்லை, மச்சானும் கேட்கவில்லை.

காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, இசக்கித்தாய் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து சங்கரன்கோவில் கோமதி அம்பாளுக்கு ஒரு வெள்ளிக் கால் நேர்ந்துகொண்டாள். கால் தப்பியது. உள்ளே கம்பி வைத்தார்கள். பங்குனியில் அவன் கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் நடந்ததும், பஸ் ஏறிக் கோயிலுக்கு வந்தாள்.

சந்நிதித் தெருக் கடையில் கண், கை, கால், பாம்பு, தேள் எல்லாம் மெல்லிய வெள்ளித் தகட்டில் தொங்கின. கடைக்காரர் ஒரு காலை எடுத்து நீட்டினார்.

"இது வலது காலுல்லா," என்றாள்.

"எந்தக் காலுன்னு அம்பாளுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்ங்கதுக்காக மாத்திக் குடுக்க முடியுமா? இடது எடுங்க."

கடைக்காரர் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி இடது கால் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இவள் மாதிரி கேட்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றிலும் ரெண்டு வாங்கி வைக்க வேண்டியதுதான் என்று பக்கத்துக் கடையைப் பார்த்துச் சொன்னார்.

இசக்கித்தாயின் பிறந்த வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டை வீட்டில் வைத்திருந்தால் ஆஸ்பத்திரி மறுபடியும் கூப்பிடும். நோய் தீர்ந்ததும் எல்லாச் சீட்டையும் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள். பங்குனியில் அந்தச் சீமையில் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? அவள் கம்பி வாங்கிய பில், ரத்தம் வாங்கிய பில், மருந்துக்கடைச் சீட்டுகள், வேன்காரர் எழுதிக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் வெள்ளிக் காலைச் சுற்றி மடித்தாள். மஞ்சள் துணியில் முடிந்து உண்டியலின் வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் முரண்டு பண்ணிவிட்டு உள்ளே விழுந்தது. வெளியே வந்தபோது உடம்பு இலேசாக இருந்தது. ஒரு காப்பி குடித்தாள்.

அந்த வாரமே மூக்காண்டிக்குக் கனவு மாறியது. கால் ஆடு மேய்க்கப் போகவில்லை. எங்கேயோ இருட்டில் படுத்திருந்தது. மேலேயிருந்து ஒவ்வொன்றாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. முதலில் கல் என்று நினைத்தான். பிறகு மழை என்று நினைத்தான். வலிக்கவில்லை.

கார்க்காரர் இனி வரமாட்டார் என்று ஊரில் எல்லோரும் சொன்ன பிறகுதான் இருவரும் சங்கரன்கோவிலில் வக்கீல் அகிலாண்டேஸ்வரியைப் பார்க்கப் போனார்கள். ஐம்பது வயது தாண்டிய அம்மாள். மேஜைமேல் கேஸ் கட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"காருக்கு இன்சூரன்ஸ் இருக்கு. தப்பு அவங்க மேலதான்னு போலீசும் எழுதியிருக்கு. வலிக்கு, வேலை போனதுக்கு கோர்ட்டே ஒரு கணக்குப் போட்டுத் தந்துடும். கைக்காசு செலவழிச்சீங்கள்ளா, அதுக்குத்தான் தாள் வேணும். பில்லெல்லாம் எங்க?"

இசக்கித்தாய் புருஷனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"உண்டியல்ல போட்டுட்டேன் வக்கீலம்மா."

அகிலாண்டேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பில்லைத் தொலைச்சவங்களைப் பாத்திருக்கேன். ஆடு தின்னுட்டுன்னு சொன்னவங்களையும் பாத்திருக்கேன்."

"எங்க ஆடு இங்க இருந்திருந்தா தின்னிருக்கும்," என்றான் மூக்காண்டி.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆபரேஷன் பில்லுக்கு நகல் கொடுப்பார்கள் என்றார். ஆனால் கம்பியும் ரத்தமும் மருந்தும் வெளியே பல கடைகளில் வாங்கியவை. பில் நம்பர் இல்லாமல் பழையதைத் தேட முடியாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மச்சானுக்குக் கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதி அந்தச் சீட்டுகளில்தான் இருந்தது. அவை இல்லாவிட்டால் ஆடு திரும்ப வராது.

"உண்டியல் எண்ணும்போது மகளிர் குழுவோட நீயும் போய் உக்காரு," என்றார் வக்கீல். "கண்ணுல பட்டா வாயைத் திறந்து சொல்லு. எடுத்து மட்டும் வச்சிராதம்மா. எடுத்தா அது திருட்டு."

"அம்பாள்ட்ட எடுப்பேனா?"

சித்திரையில் உண்டியலைத் திறந்தார்கள். மண்டபத்தில் விரித்த ஜமக்காளத்தில் நாணயங்கள் சரிந்து விழுந்த சத்தம் மழை வலுப்பதுபோல வளர்ந்து அடங்கியது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிரித்தார்கள். ரூபாய் ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம், பாம்பும் தேளும் கண்ணும் ஒரு தாம்பாளத்தில். வேண்டுதல் எழுதிய காகிதங்கள் ஒரு சாக்கில் போயின. தூசியில் திருநீறும் குங்குமமும் கலந்து, தூண்களுக்கு இடையே விழுந்த வெயில் இளஞ்சிவப்பாக இருந்தது. இசக்கித்தாய்க்குத் தான் விழித்திருக்கிறோமா என்று அடிக்கடி சந்தேகம் வந்தது. கை மட்டும் தானாகப் பிரித்துக்கொண்டிருந்தது.

நான்கு பேர் தள்ளி உட்கார்ந்திருந்த சண்முகசுந்தரி என்ற பெண் ஒரு மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாருங்கட்டி, யாரோ காலுக்குச் சட்டை தச்சுப் போட்டிருக்காக."

தாள்களை உரித்துச் சாக்குப் பக்கம் அவள் கை நீண்டது. இசக்கித்தாய் எழுந்து நின்றாள்.

"அதைப் போடாத தாயி. அது எங்க வீட்டுக்காரர் காலு."

வரிசை முழுவதும் சிரித்தது. "அப்ப வீட்டுக்காரர் எங்கன நொண்டிட்டு நிக்காரு?" என்று யாரோ கேட்டார்கள். கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்த கோயில் எழுத்தர் சங்கரகணேஷ் எழுந்து வந்தார். இசக்கித்தாய் சொன்னதைக் கேட்டார். தாள்களைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் மூக்காண்டி என்ற பெயர் இருந்தது.

"நீங்க சொல்லுதது உண்மைதான்மா. ஆனா உண்டியல்ல விழுந்தா அது அம்பாள் சொத்து. காலணாவா இருந்தாலும் காகிதமா இருந்தாலும் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்ல."

"அம்பாளுக்கு மருந்துக்கடைச் சீட்டு எதுக்கு சார்?"

"அதை நான் எப்படிக் கேக்க?" என்றார் அவர், கேலி இல்லாமல். பிறகு தாள்களைப் பழையபடி காலைச் சுற்றி மடித்து, அதே துணியில் முடிந்து, சாக்கில் போடாமல் தனி உறையில் வைத்து ஒட்டினார். "அம்பாள்ட்ட கேக்க வேண்டியவங்க கேட்டா, தர வேண்டிய விதத்துல தரலாம். உங்க வக்கீல்ட்ட சொல்லுங்க."

அகிலாண்டேஸ்வரி அதைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒருவரிடம் இருக்கிற ஆவணத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி நீதிபதியைக் கேட்கலாம். அந்த ஒருவர் இந்தக் கேஸில் அம்பாள். அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்.

வழக்கு மெதுவாக நகர்ந்தது. முதல் ஐப்பசி மழை வந்து போனது. பாண்டிராஜ் வரும்போதெல்லாம் எத்தனை குட்டி ஈன்றிருக்கிறது என்று சொல்வார். அதைக் கேட்பது மூக்காண்டிக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், அடுத்தவன் ஆட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரியும் இருக்கும். பகலில் கட்டிலில் கண்ணை மூடினால் தாள் சுற்றிய கால் உறைக்குள் படுத்திருக்கும். ஆடுகள் கோயில் மதில் ஓரம் நின்று காத்திருக்கும்.

அடுத்த ஆவணியில் சங்கரகணேஷ் கோர்ட்டுக்கு வந்தார். பெயர் கூப்பிட்டதும் உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். முடிச்சை அவிழ்த்தபோது திருநீற்று வாசனை மேஜை வரைக்கும் போனது. வெள்ளிக் கால் நீதிபதியின் முன்னே, பேனாவுக்கும் முத்திரைக்கும் நடுவில் கிடந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் நெல்லைநாயகம் வேலை தெரிந்தவர்.

"இந்தத் தாளெல்லாம் வழக்குக்காகப் பின்னாடி தயார் பண்ணதா இருக்கலாமில்லையா?"

"உண்டியல் திறந்த அன்னைக்கே கேமரா முன்னால உறையில போட்டு ஒட்டினது. இன்னைக்குத்தான் பிரிக்கேன்."

"இந்தக் கால் மனுதாரர் கால்தான்னு எப்படிச் சொல்லுதீங்க? ஊர்ல எல்லாரும் கால் போடுதாங்க."

சங்கரகணேஷ் பதில் சொல்வதற்கு முன்னால் நீதிபதி அந்தத் தகட்டை எடுத்துப் பெருவிரல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகு, பெஞ்சில் கம்போடு உட்கார்ந்திருந்த மூக்காண்டியின் காலைப் பார்த்தார்.

"இடது," என்றார்.

இசக்கித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கடைக்காரர் பெட்டியைக் கவிழ்த்தது அவளுக்கு நினைவு வந்தது.

"அப்படியே வெள்ளிக் கால் வாங்கின காசையும் எங்க கம்பெனிதான் தரணும்னு கேப்பாங்க போல," என்றார் நெல்லைநாயகம், பாதி விளையாட்டாக.

பெஞ்சிலிருந்து அவள் சொன்னாள்: "அது வேண்டாம்யா. அது அம்பாளுக்கும் எனக்கும் உள்ளது."

நீதிபதி பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினார். ஆனால் கோபப்படவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு எண் போட்டார்கள். தாளில் ஒட்டியிருந்த குங்குமத்தில் எண் போட்டவரின் விரல்கள் சிவந்துவிட்டன. தாள்கள் கோர்ட்டில் நின்றன. காலை மட்டும் சங்கரகணேஷ் மறுபடி மஞ்சள் துணியில் முடிந்து, அம்பாள் சொத்து என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். வாசலில் அவர் பைக்கில் ஏறி, பெட்ரோல் டாங்கின் மேல் அந்த முடிச்சை வைத்துக்கொண்டு தெருவில் கலந்ததை மூக்காண்டி பார்த்துக்கொண்டே நின்றான். கால் எங்கேயோ போகிறது, நாம் நிற்கிறோம் என்ற பழைய உணர்வு வந்தது. இந்தத் தடவை கத்தத் தோன்றவில்லை.

தீர்ப்பில் அந்தச் சீட்டுகளின் தொகை முழுவதும் சேர்ந்திருந்தது. ஆனால் தீர்ப்பு வேறு, பணம் வேறு. கம்பெனி கோர்ட்டில் கட்ட வேண்டும், கோர்ட் பாங்குக்கு அனுப்ப வேண்டும். புரட்டாசி முடிந்தது. கரிசல்காரர்கள் விதையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். அந்த ஐப்பசியில் மழை தள்ளிப்போனது. ஊரே ஏசிக்கொண்டிருந்தபோது இசக்கித்தாய் மட்டும் மேகம் இல்லாத வானத்தைப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அப்படிச் சந்தோஷப்படுவது பாவம் என்றும் தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரி மழைக்கு விளக்குப் போடக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

பாங்கில் பணம் விழுந்ததாகப் போனில் செய்தி வந்த மறுநாள் இருவரும் திருவேங்கடம் போனார்கள். பாண்டிராஜ் பணத்தை வாங்கி மடியில் வைத்தார்.

"மழை ஒரு வாரம் முந்தியிருந்தா உங்களுக்கும் எனக்கும் சங்கடம்தான் மாப்ளே," என்றார்.

"நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன்," என்றாள் இசக்கித்தாய். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

பட்டியைத் திறந்தபோது ஆடுகள் வரவில்லை. கம்பு தரையில் தட்டுகிற சத்தமும் ஒரு காலை இழுத்து வைக்கிற நடையும் அவற்றுக்குப் புதிது. முன்னே நின்ற கிழட்டுப் பெட்டை காதை மடக்கிக்கொண்டு பார்த்தது. மூக்காண்டி நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். அது ஒரு அடி வைத்தது. பிறகு எல்லாம் வந்தன. அவனைப் பார்த்தே இராத குட்டிகள்கூட, பெரியவை வருகின்றன என்பதற்காக வந்தன.

சாலையை விட்டு இறங்கிக் கரிசல் வழியாக நடந்தார்கள். இசக்கித்தாய் கடைசி ஆட்டோடு பின்னால் வந்தாள். மதியத்துக்குப் பிறகு வெளிச்சம் மங்கி, மேற்கே மண் வாசனை கிளம்பியது. முதல் துளிகள் ஆடுகளின் முதுகில் விழுந்து, தூசி படிந்த மயிரில் சின்னச் சின்னக் குழிகளாக நின்றன. மூக்காண்டிக்கு நடந்துகொண்டே கண் சொருகியது. இவ்வளவு தூரம் நடந்து வெகுநாள் ஆயிற்று. முன்னே எதையோ தேடுகிறவன்போலப் பார்த்தான். முன்னே யாரும் இல்லை. அவன்தான் முன்னே போய்க்கொண்டிருந்தான்.

"ஏங்க, அங்கன கிணறு இருக்கு, பாத்து," என்று இசக்கித்தாய் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

அவன் காதில் அது விழவில்லை. மழை வலுத்திருந்தது. இடது கால் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் ஊன்றி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. அதற்குத் தெரிந்திருந்தது. ஆடுகள் பின்னாலேயே போயின.